போர்க்காலக் காலித் தோட்டாக்கள்: அடையாளம் காண்பதும் சேகரிப்பதும், முழுமையான வழிகாட்டி

பழைய பிரிட்டிஷ் .303 துப்பாக்கித் தோட்டா ஒன்றின் காலி உறையைக் கவிழ்த்துப் பிடியுங்கள். அடிவட்டம் 13.7 மி.மீ. தான் இருக்கும், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் ‘கே’ என்ற ஆங்கில எழுத்தும், ‘17’ என்ற எண்ணும், ரோமன் எழுத்தில் ஏழும் பதிந்திருந்தால் மூன்று செய்திகள் கைக்கு வந்துவிட்டன. செய்தது பர்மிங்ஹாமை ஒட்டிய விட்டனில் இருந்த கைனாக் ஆலை. செய்த ஆண்டு 1917. வகை, 1910இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட ஏழாம் மார்க், அதாவது ஏழாம் பதிப்பு. இன்னும் உற்றுப் பார்த்தால் நடுவிலுள்ள பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், துப்பாக்கியின் ஊசி குத்திய குழி தெரியும். பிரைமரைச் சுற்றி ஊதா நிற அரக்கு வளையத்தின் மிச்சம்கூட ஒட்டியிருக்கலாம்.

சேகரிப்பில் உலோகத்துக்கு மதிப்பு குறைவு. எழுத்துக்கும், அது கிடந்த இடத்துக்கும்தான் மதிப்பு. பளபளவென்று தேய்த்து, எங்கிருந்து வந்தது என்ற குறிப்பே இல்லாமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்த நூறு உறைகளைவிட, இடமும் ஆழமும் குறித்து வைத்த களிம்பேறிய பத்து உறைகள் மேல். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த எழுத்தையும் இடத்தையும் காப்பாற்றுவதற்காகத்தான். அதற்கும் முன்னால் உங்கள் கையையும் கண்ணையும் காப்பாற்ற வேண்டும்.

முதலில் எல்லைக்கோடு

சேகரிக்கக் கூடியவை: சுட்டு முடித்த காலி உறைகள், உறையில் துளையிட்ட பயிற்சித் தோட்டாக்கள், ஐந்தாறு தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் தகட்டுக் கிளிப்புகள், எந்திரத் துப்பாக்கியின் பெல்ட் இணைப்புகள், அட்டைப் பெட்டிகள், முத்திரைச் சீட்டுகள், பிரைமர் நீக்கிய பீரங்கி உறைகள். அவ்வளவுதான்.

தொடவே கூடாதவை: வாயில் குண்டு செருகியபடி கிடக்கும் எந்தத் தோட்டாவும், 20 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட எந்த எறிகணையும், கையெறி குண்டு, மோட்டார் குண்டு, கண்ணிவெடி, ஃபியூஸ் (குண்டை வெடிக்கத் தூண்டும் பாகம்), என்னவென்றே தெரியாத உருளை. ‘நூறு வருஷம் மண்ணில் கிடந்தது, இனி என்ன வெடிக்கப் போகிறது’ என்ற நினைப்புதான் ஆளைக் கொல்கிறது. முதல் உலகப் போர் எறிகணைகள் பலவற்றில் நிரப்பியது பிக்ரிக் அமிலம். அது உலோகத்தோடு சேர்ந்து அரிக்கும்போது உண்டாகும் பிக்ரேட் உப்புகள், மூல மருந்தைவிட உரசலுக்கும் அதிர்ச்சிக்கும் எளிதில் வெடிப்பவை. அதாவது வயது ஏற ஏறச் சில குண்டுகள் சாதுவாவதில்லை, முரடாகின்றன. 2014 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் கட்டட வேலை நடந்த இடத்தில் முதல் உலகப் போர்க் குண்டு வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். 2008இல் அமெரிக்காவின் விர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க்காலப் பீரங்கிக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அனுபவமிக்க சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து உயிரிழந்தார். அந்தக் குண்டுக்கு வயது 140க்கு மேல்.

பாஸ்பரஸ் தனிக் கதை. ஜெர்மனியின் பால்டிக் கரையில், குறிப்பாக உசேடம் தீவில், இரண்டாம் உலகப் போரின் தீக்குண்டுகளிலிருந்து கசிந்த வெண்பாஸ்பரஸ் துண்டுகள் கரை ஒதுங்குகின்றன. பார்வைக்கு அப்படியே அம்பர் கல் போலிருக்கும். பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டவர்களுக்கு, ஈரம் காய்ந்து உடல் சூடு ஏறியதும் அது தானாகவே தீப்பற்றியிருக்கிறது. தனியாகக் கிடக்கும் துப்பாக்கிக் குண்டுகளிலும் இந்த ஆபத்து உண்டு. முதல் உலகப் போரில் வான்கப்பல்களைக் கொளுத்தச் செய்த பக்கிங்ஹாம் வகை .303 குண்டுக்குள் பாஸ்பரஸ் இருந்தது. பக்கவாட்டில் சிறு துளை இருக்கும் குண்டைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள்.

போர் முடிந்து சில பத்தாண்டுகளே ஆன நிலத்தில் சேகரிப்பு என்ற பேச்சே வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடித்ததாக அறிவிக்கப்பட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள்.

ஆபத்தான பொருள் ஒன்று கண்ணில் பட்டால்: தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், மண்ணைத் தட்டிப் பார்க்காதீர்கள். வந்த வழியிலேயே திரும்புங்கள். தூரத்திலிருந்து இடத்தைக் குறித்துக்கொண்டு, நன்றாக விலகிய பிறகு காவல்துறையைக் கூப்பிடுங்கள். மற்றவர்கள் அந்தப் பக்கம் போகாமல் தடுத்து நில்லுங்கள். பொருளை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போவதுதான் பலர் செய்யும் தவறு. வழியில் வருகிற அத்தனை பேரையும் அது ஆபத்தில் தள்ளும்.

சட்டம்

நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் தேடப் போகும் முன்பே கேட்டுத் தெளிவது நல்லது. உயிருள்ள ஒரே ஒரு தோட்டாவுக்குக்கூடப் பெரும்பாலான நாடுகளில் உரிமம் வேண்டும். சில இடங்களில் காலி உறைக்கும் கேள்வி வரும். பிரான்சில் அனுமதியில்லாமல் வரலாற்றுப் பொருளைத் தேடி உலோகம் கண்டறியும் கருவியோடு நிலத்தில் இறங்குவது சட்டவிரோதம். பிரிட்டனில் போர் விமானங்கள் விழுந்த இடங்களையும் மூழ்கிய போர்க்கப்பல்களையும் 1986ஆம் ஆண்டின் இராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. தனியார் நிலமாக இருந்தால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காலி உறையாகவே இருந்தாலும் விமானப் பயணப் பையில் போடாதீர்கள். ஸ்கேனரில் தெரிவது தோட்டாவின் உருவம், அதற்குப் பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கருவிகள்

நான்கு போதும். 0.01 மி.மீ. காட்டும் டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு சிறு காந்தம், பக்கவாட்டில் சாய்த்து அடிக்க ஒரு எல்.இ.டி. டார்ச். கூடவே மென்மையான பல்துலக்கி, மரக் குச்சி, நைட்ரைல் கையுறை, எண்ணிட்ட ஜிப் பைகள், ஒரு நோட்டுப் புத்தகம். கம்பித் தூரிகை, துளைக் கருவி, இடுக்கி ஆகியவை இந்த மேசைக்கு வரவே கூடாது. இவை கையில் இருந்தால் ஏதாவது ஒன்றைக் கழற்றிப் பார்க்கத் தோன்றும்.

படி 1: காலிதானா?

வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். உறையின் முனை பூவிதழ் மாதிரி மடித்து மூடியிருந்தால் அது வெற்றுவேட்டு. குண்டு இல்லையே தவிர மருந்தும் பிரைமரும் உள்ளே இருக்கலாம். மரக் குண்டு செருகிய தோட்டாவைப் பயிற்சிப் பொருள் என்று நம்பி எடுப்பவர்கள் பலர். ஜெர்மானியரின் வெற்றுவேட்டுத் தோட்டாக்கள் மரக் குண்டு கொண்டவை, உள்ளே மருந்தும் உண்டு. மரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அடுத்து பிரைமர். குழி இல்லாமல் வழவழப்பாக இருந்தால், வாய் திறந்திருந்தாலும் அந்தப் பிரைமர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றே கொள்ளுங்கள். குழி இருப்பது மட்டும் போதுமா? போதாது. ஊசி குத்தியும் வெடிக்காமல் போன தோட்டாக்கள் போர்க்களத்தில் ஏராளம். அதனால் மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும்: வாய் திறந்திருப்பது, பிரைமரில் குழி, டார்ச் அடித்தால் அடிவரை தெரியும் வெறும் உட்புறம். மண் அடைத்திருந்தால் உலோகக் கம்பியால் குத்தாதீர்கள். தண்ணீரில் ஊறவிட்டு, தானாகக் கரைந்து இறங்கும்படி விடுங்கள். பிரிட்டிஷ் உறைக்குள் சேமியா போன்ற பழுப்பு இழைகள் தென்பட்டால் அது கார்டைட், எரிமருந்து. அந்த உறை காலி அல்ல, சேகரிப்பிலிருந்து நீக்கிக் காவல்துறையிடம் தெரிவியுங்கள்.

எண்ணெயில் ஊறவைத்தால் பிரைமர் செத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது நம்பத் தகுந்த வழி அல்ல. குண்டை இழுத்து எடுப்பது, உறையைத் துளைப்பது, சூடாக்குவது எதுவும் சேகரிப்பாளரின் வேலை இல்லை.

பயிற்சித் தோட்டாவை அதன் அடையாளத்தால் மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் .303 பயிற்சித் தோட்டாக்களில் உறையின் பக்கங்களில் நீளவாக்கில் பள்ளங்கள் ஓடும், அவற்றில் சிவப்பு பூசியிருக்கும். அமெரிக்க .30 வகையில் பள்ளங்களோடு துளையும் இருக்கும். பிரைமர் இருக்க வேண்டிய இடம் காலியாகவோ ரப்பரால் அடைத்தோ இருப்பது கூடுதல் சான்று. எந்த அடையாளமும் இல்லாமல் ‘இது டம்மிதான்’ என்று வாய்வார்த்தையாக மட்டும் சொல்லப்படுவதை வாங்காதீர்கள்.

படி 2: அளவெடுங்கள்

எழுத்தைப் படிப்பதற்கு முன் அளவு. எழுத்து தேய்ந்திருக்கலாம், அளவு பொய் சொல்லாது. முதலில் உறையின் நீளம், பிறகு அடி விளிம்பின் விட்டம், பிறகு விளிம்புக்குச் சற்று மேலே உடலின் விட்டம், கடைசியாக வாயின் உள்விட்டம். சுட்ட உறையின் வாய் சற்று விரிந்திருக்கும், ஆகவே உள்விட்டத்தைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள். வாய் நசுங்கியிருந்தால் நீளமும் ஒரு மில்லிமீட்டர் வரை ஏமாற்றும்.

விளிம்பு உடலைவிட வெளியே தள்ளி நின்றால் அது விளிம்புள்ள வகை, பெயரின் கடைசியில் ‘ஆர்’ சேரும். உடலுக்குச் சமமாக இருந்து, மேலே ஒரு காடி ஓடினால் விளிம்பில்லா வகை. இரண்டுக்கும் நடுவில் லேசாக மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் அரை விளிம்பு.

அடிக்கடி கைக்கு வருபவை இவை. பிரிட்டிஷ் .303: நீளம் 56.4, விளிம்பு 13.7 மி.மீ. ரஷ்ய 7.62×54 ஆர்: நீளம் 53.7, விளிம்பு 14.4. பிரெஞ்சு 8 மி.மீ. லெபல்: நீளம் ஏறத்தாழ 50, விளிம்பு 16, பம்பரம் போல் கூம்பிய உடல். இம்மூன்றும் விளிம்புள்ளவை. விளிம்பில்லாதவற்றில் ஜெர்மன் 7.92×57க்கு விளிம்பு 11.95, அமெரிக்க .30-06க்கு நீளம் 63.3, விளிம்பு 12, இத்தாலிய கார்க்கானோவுக்கு நீளம் 52, விளிம்பு 11.4. ஜப்பானிய 6.5×50 அரிசாகா அரை விளிம்பு. கைத்துப்பாக்கி வகையில் 9×19க்கு நீளம் 19, .45க்கு 23 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இரண்டும் குட்டையானவை, கழுத்து ஒடுங்காதவை. அமெரிக்க .50 எந்திரத் துப்பாக்கி உறை 99 மி.மீ., உள்ளங்கை நீளத்துக்கு வரும்.

இந்த அளவெடுப்பில் சறுக்கும் இடங்கள் உண்டு. 7.92×57ஐப் பார்த்தவுடன் ஜெர்மனி என்று எழுதிவிடாதீர்கள். பிரிட்டிஷ் டாங்கிகளில் இருந்த பீசா எந்திரத் துப்பாக்கியும் அதே தோட்டாவைத்தான் சுட்டது, அவை பிரிட்டனிலேயே செய்யப்பட்டவை. .303 போலவே இருக்கும் விளிம்புள்ள உறை, பசிபிக் தீவு ஒன்றில் கிடைத்தால் ஜப்பானியக் கடற்படையினுடையதாகவும் இருக்கலாம். லூயிஸ், விக்கர்ஸ் துப்பாக்கிகளின் வழியில் வந்த தங்கள் 7.7 மி.மீ. எந்திரத் துப்பாக்கிகளுக்கு அவர்கள் அதே அளவைத்தான் வைத்திருந்தார்கள்.

லெபல் உறையின் அடியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பிரைமரைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம் ஓடும். அலங்காரம் என்று நினைத்துவிடலாம், அது உயிர் காக்கும் ஏற்பாடு. லெபல் துப்பாக்கியின் தோட்டாக்கள் குழலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் படுத்திருக்கும். பின்னாலிருக்கும் தோட்டாவின் கூர்முனை முன்னாலிருப்பதன் பிரைமரில் முட்டிவிடாமல், அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும்படி வைத்தார்கள்.

படி 3: காந்தம்

ஒட்டினால் எஃகு. போர் நீள நீளச் செம்புக்குத் தட்டுப்பாடு வந்தது, உறைகள் எஃகுக்கு மாறின. ஜெர்மனியில் இந்த மாற்றத்தை ஆண்டுவாரியாகவே பார்க்கலாம். சோவியத் எஃகு உறைகளில் செம்புக் கலவை மேல்பூச்சு இருப்பதால் கண்ணுக்குப் பித்தளை போலத் தெரியும், காந்தம்தான் உண்மையைச் சொல்லும். அமெரிக்கர்கள் .45 தோட்டாவை எவான்ஸ்வில்லில் கிரைஸ்லர் கார் நிறுவனத்திடம் கொடுத்து எஃகில் செய்தார்கள், முத்திரை ‘ஈ சி’.

படி 4: அடிமுத்திரையைப் படியுங்கள்

டார்ச்சை உறையின் அடிக்கு நேராகக் காட்டினால் ஒன்றும் தெரியாது. ஒளியைப் பக்கத்திலிருந்து, ஏறக்குறைய படுக்கைவாட்டில் அடியுங்கள். எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழும். உறையை மெல்லச் சுற்றிக்கொண்டே, எந்த எழுத்து எங்கே என்பதைக் கடிகார முள் நிலையாகக் குறியுங்கள்: பன்னிரண்டு மணிக்கு இது, மூன்று மணிக்கு இது என்று. மெல்லிய தாளை மேலே வைத்து மென்பென்சிலால் லேசாகத் தேய்த்தும் எடுக்கலாம். காலி என்று உறுதியான உறையில் மட்டும்.

பிரிட்டனும் காமன்வெல்த்தும்: ஆலையின் எழுத்து, ஆண்டு, மார்க் எண். ‘ஆர் எல்’ எழுத்துகளுக்கு நடுவில் அகன்ற அம்புக்குறி இருந்தால் வுல்விச் அரசு ஆயுதசாலை. ‘ஜி பி’ (GB) லீட்ஸின் கிரீன்வுட் அண்ட் பேட்லி. ‘டி ஏ சி’ (DAC) கனடாவின் டொமினியன் ஆயுதசாலை. ‘எம் எஃப்’ ஆஸ்திரேலியாவின் ஃபுட்ஸ்கிரே. ‘சி ஏ சி’ நியூசிலாந்தின் கலோனியல் அம்யூனிஷன் கம்பெனி. ‘கே எஃப்’ புனே அருகிலுள்ள கிர்க்கி. மார்க் எண்ணோடு ‘இசட்’ சேர்ந்தால் கார்டைட்டுக்குப் பதில் நைட்ரோசெல்லுலோஸ் மருந்து. ‘ஜி’ ஒளிக்கோடு விடும் டிரேசர், ‘டபிள்யூ’ கவசம் துளைப்பது, ‘பி’ (B) தீமூட்டுவது. பிரைமரைச் சுற்றிய அரக்கின் நிறமும் இதையே சொல்லும்: சாதாரணக் குண்டுக்கு ஊதா, டிரேசருக்குச் சிவப்பு, கவசம் துளைப்பதற்குப் பச்சை, தீமூட்டுவதற்கு நீலம். இதே நிறங்களை ஜெர்மன் உறைக்குப் பொருத்திவிடாதீர்கள். அங்கே கனமான சாதாரணக் குண்டுக்குப் பச்சை, எஃகு மையக் குண்டுக்குச் சிவப்பு, இரும்பு மையத்துக்கு நீலம். தொடக்கக்காரர் பட்டியல்களில் மிக அதிகம் காணும் பிழை இதுதான்.

ஜெர்மனி: முதல் உலகப் போர் உறைகளில் ஆலையின் எழுத்து, மாதம், ஆண்டு ஆகியவற்றோடு ‘எஸ் 67’ என்றிருக்கும். அந்த 67 பித்தளையில் செம்பின் விழுக்காடு. இரண்டாம் போரில் ஒழுங்கு மாறிவிட்டது. பன்னிரண்டு மணியில் ஆலைக் குறி, மூன்றில் உலோகம், ஆறில் தொகுதி எண், ஒன்பதில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். உலோக இடத்தில் ‘எஸ்’ எழுத்தும் நட்சத்திரமும் இருந்தால் 72 விழுக்காடு செம்புள்ள பித்தளை, ‘எஸ் டி’ (St) என்றால் எஃகு. ஆலைக் குறி முதலில் ‘பி’யும் (P) எண்ணும் சேர்ந்தது, ‘பி 131’ பெர்லின் போர்சிக்வால்டெ. போர் தொடங்கிய பிறகு சிறிய எழுத்துகளில் மூன்றெழுத்துக் குறிகள் வந்தன. அதே ஆலை ‘ஏ எஸ் பி’ (asb) ஆனது, மாக்டெபர்க்கின் போல்ட்டெ ஆலை ‘ஏ யூ எக்ஸ்’ ஆனது.

‘கே ஏ எம்’ என்ற குறி கிடைத்தால் பதிவேட்டில் ஒரு வரி அதிகம் எழுதுங்கள். அது போலந்தின் ஸ்கார்ஜிஸ்கோ காமியென்னாவில் ஜெர்மானிய ஹசாக் நிறுவனம் நடத்திய ஆலை. அங்கே யூதக் கைதிகளை அடிமை வேலைக்கு வைத்திருந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பசியிலும் நோயிலும் சுடப்பட்டும் மாண்டார்கள். அரை அங்குல வட்டத்தில் இருக்கும் மூன்று எழுத்துக்கு இப்படி ஒரு பாரம் இருக்கிறது. அந்த உறையை அலங்காரப் பொருளாக்க மனம் வரக் கூடாது.

அமெரிக்கா: ஆலையின் எழுத்தும் ஆண்டும், வேறொன்றுமில்லை. ‘எஃப் ஏ’ பிலடெல்பியாவின் ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதசாலை, ‘எல் சி’ லேக் சிட்டி, ‘எஸ் எல்’ செயின்ட் லூயிஸ், ‘டி எம்’ (DM) டி மாயின், ‘டி டபிள்யூ’ (TW) ட்வின் சிட்டீஸ். ஆண்டுக்கு வெறும் ‘4’ என்று ஒற்றை இலக்கம் மட்டும் இருந்தால் 1944 என்று படியுங்கள். 1904 என்று எழுதி வைத்திருக்கும் பட்டியல்கள் உண்டு. லேக் சிட்டி ஆலை உற்பத்தியைத் தொடங்கியதே 1941இல்.

சோவியத்: மேலே ஆலை எண், கீழே ஆண்டு. 3 உல்யனோவ்ஸ்க், 17 பர்னவுல், 60 ஃபுரூன்சே, 188 நோவோசிபிர்ஸ்க், 539 தூலா.

ஜப்பான்: தரைப்படையின் துப்பாக்கித் தோட்டாக்களில் பெரும்பாலும் அடிமுத்திரையே கிடையாது. வெறும் அடியைக் கண்டு போலி என்று ஒதுக்காதீர்கள். உறையின் கழுத்தில் அரக்கு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்: இளஞ்சிவப்பு சாதாரணக் குண்டு, கறுப்பு கவசம் துளைப்பது, பச்சை டிரேசர். மண்ணில் கிடந்ததில் அரக்கு போயிருக்கும். அப்போது அளவும் கிடைத்த இடமும் மட்டுமே துணை.

உள்ளே டார்ச் அடித்துத் தீப்பொறித் துளையையும் எண்ணுங்கள். நடுவில் ஒன்று என்றால் பாக்ஸர் பிரைமர், இரண்டு சிறு துளைகள் என்றால் பெர்டன். பிரிட்டிஷ் .303 பெர்டன் வகை. ஒற்றைத் துளையுள்ள போர்க்கால .303 வந்தால் வட அமெரிக்கத் தயாரிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம், முத்திரையை மறுபடி பாருங்கள்.

படி 5: எடுக்கும் முன் பதியுங்கள்

1876இல் அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்னில் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படை அழிந்தது. 1983இல் அங்கே புல்வெளி தீப்பற்றி எரிந்து நிலம் வெளித்தெரிய, 1984இல் தொல்லியலாளர்கள் இறங்கி ஒவ்வோர் உறையும் கிடந்த இடத்தைக் குறித்தார்கள். பிறகு ஊசிக்குழிகளை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்து சுட்டது என்பதை வரைந்தார்கள். யாராவது முன்கூட்டியே அந்த உறைகளைப் பொறுக்கிப் பையில் போட்டிருந்தால் அந்தச் செய்தி அத்தோடு போயிருக்கும்.

அதனால் உறையை அசைக்கும் முன் படம் எடுங்கள், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து. ஜி.பி.எஸ். புள்ளி, ஆழம், வாய் எந்தத் திசையைப் பார்த்துக் கிடந்தது, அருகில் வேறென்ன இருந்தது என்று எழுதுங்கள். பக்கத்தில் எட்டுத் தோட்டா பிடிக்கும் கிளிப் இருந்தால் அமெரிக்க காரண்ட் துப்பாக்கி, ஆறு பிடிப்பது என்றால் கார்க்கானோ. குவியலாகக் கிடந்தால் குவியல் என்று எழுதி எண்ணிக்கையும் குறியுங்கள். நின்று சுட்ட இடமாக இருக்கலாம். மனித எலும்போ அடையாள வில்லையோ தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். அது ஒருவரின் கல்லறை.

படி 6: சுத்தம், முடிந்தவரை குறைவாக

பித்தளையைப் பளபளப்பாக்கும் ஆசையை முதலில் விடுங்கள். களிம்பின் கீழ் எழுத்து பத்திரமாக இருக்கும், தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போகும்.

அம்மோனியா கலந்த மெருகுத் திரவம் கூடவே கூடாது. தோட்டாப் பித்தளையில் செம்பு 70, துத்தநாகம் 30. அழுத்தி இழுத்து உருவாக்கியதால் உலோகத்துக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அதன்மேல் அம்மோனியா பட்டால் உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே விரிசல் ஓடும். இந்தியாவில் பிரிட்டிஷ் படை, மழைக்காலத்தில் குதிரை லாயங்களை ஒட்டி வைத்திருந்த தோட்டாக்கள் தாமாகவே கழுத்தில் பிளந்து கிடப்பதைக் கண்டது. லாயத்தின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்று பின்னர் 1921இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது. உங்கள் உறையின் கழுத்தில் நீளவாக்கில் கீறல் தெரிந்தால் அது இந்த வகைதான். விரலால் அழுத்தாதீர்கள், உடையும்.

புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் வேகமாகத்தான் வேலை செய்யும். கூடவே மேற்பரப்பின் துத்தநாகத்தையும் கரைத்துவிடும். உறை பித்தளை நிறம் மாறி ரோஸ் செம்பாகும். அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சரியான முறை: காலி என்று உறுதியான உறையைக் காய்ச்சி வடித்த வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மென்பல்துலக்கியால் மண்ணை மட்டும் நீக்குங்கள். நீரை இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். இதற்கும் காரணம் உண்டு. அக்காலப் பிரைமர்களில் இருந்த குளோரேட் சுட்ட பின் குளோரைடு உப்பாக உள்ளே படிந்திருக்கும், அது காற்றின் ஈரத்தை இழுத்து உள்ளிருந்தே அரிக்கும். எழுத்துப் பள்ளத்தில் மண் நின்றால் மரக் குச்சி. நிழலில் உலர்த்துங்கள், அடுப்பிலோ ஹீட்டரிலோ காட்ட வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை மெல்லியதாகப் பூசித் துணியால் துடையுங்கள்.

எஃகு உறைக்குத் தண்ணீர் வேண்டாம். உலர்ந்த தூரிகையால் தளர்ந்த துருவை மட்டும் தட்டிவிட்டு மெழுகு பூசுங்கள். ஜெர்மன் எஃகு உறைகளில் மிஞ்சியிருக்கும் மந்தமான அரக்குப் பூச்சை அழுக்கு என்று சுரண்டிவிடாதீர்கள், அது ஆலையில் பூசியது.

படி 7: வைக்கும் முறை

ஓக் மர இழுப்பறை பார்க்க அழகுதான். ஆனால் மரத்திலிருந்து வரும் அசெட்டிக் ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும். அந்தப் பொடி நஞ்சு. ஈயப் பொருளைத் தொட்டால் கை கழுவிவிட்டே அடுத்த வேலை. பி.வி.சி. உறைகள் நாளடைவில் அமிலம் விடும், ரப்பரும் கம்பளியும் கந்தகம் விட்டுப் பித்தளையைக் கறுக்க வைக்கும். பாலித்தீன் பை, பாலித்தீன் நுரை, மூடிய பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். ஈரப்பதம் 45 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கட்டும். உறையின் மேல் நேரடியாக எண் எழுத வேண்டாம், பருத்தி நூலில் சீட்டுக் கட்டுங்கள். பதிவேட்டின் நகல் ஒன்று பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். உங்களுக்குப் பிறகு பெட்டியைத் திறப்பவருக்கு இவை காலி உறைகள்தான் என்று முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

பீரங்கி உறைகள்

பூச்சாடியாகவும் குடை வைக்கும் குவளையாகவும் வீடுகளில் நிற்கும் பித்தளை உருளைகள் இவை. முதல் உலகப் போர் பிரிட்டிஷ் 18 பவுண்டர் உறை 84 மி.மீ. பீரங்கிக்கானது, உயரம் சுமார் 295 மி.மீ. அடியில் ‘18 பி ஆர்’ (18 PR), மாதமும் ஆண்டும், ஆய்வாளர் முத்திரைகள், அம்புக்குறி ஆகியவற்றோடு ‘சி எஃப்’ என்ற எழுத்துகள் தெரியும். கார்டைட் முழு அளவு நிரப்பியது என்பதற்கான குறி அது. ஒவ்வொரு முறை மீண்டும் நிரப்பும்போதும் மறுபடி அடிப்பார்கள், ஆகவே அதை எண்ணினால் அந்த உறை எத்தனை முறை முன்னணிக்குப் போய்வந்தது என்று கணக்கிடலாம். பிரெஞ்சு 75 மி.மீ. களப் பீரங்கி உறையில் ‘75 டி இ சி’ (75 DEC) என்றிருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது அடியின் நடுவில் திருகியிருக்கும் பிரைமர். துப்பாக்கிப் பிரைமர் மாதிரி சிறு பொட்டு அல்ல இது, உள்ளே கரிமருந்து நிரம்பிய குப்பியோடு வருவது. உறை காலியாக, வேலைப்பாடு செதுக்கி, நூறாண்டாக அலமாரியில் நின்றிருந்தாலும் அந்தப் பிரைமர் சுடப்படாமல் இருக்கலாம். வாங்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள். நடுவில் வெறும் திருகுத் துளை இருந்தால் நல்லது. பிரைமர் இன்னும் இருந்தால், அதில் ஊசிக்குழி இருந்தாலும் வாங்காதீர்கள். வீட்டிலேயே அப்படி ஒன்று நின்றால் மெருகு போடுவதையும் சூடான இடத்தில் வைப்பதையும் நிறுத்திவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டுக் காவல்துறையிடம் சொல்லுங்கள். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் வந்து பிரைமரை நீக்கித் தர முடியுமா என்று அவர்கள் மூலமாகவே கேளுங்கள்.